சாய்ந்து உட்கார்ந்த தாளம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் முகவரியை உங்கள் இசைக்குழுவின் சாக்ஸபோன்காரர் மனைவியிடம் கெஞ்சி வாங்கினேன். நீ அங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதாகவும் ஆள் ரொம்ப இளைத்துவிட்டதாகவும் அவள்தான் சொன்னாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் சுகத்தை விசாரித்த கையோடு எங்கள் சுகத்தையும் எழுதுவதுதான் முறை. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன். அதனால் அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. உன் கோபம் உன் அண்ணன் மேல். நான் என்ன செய்தேன்? உங்கள் குழு ஆரம்பித்த நாளிலிருந்து வேன் ஓட்டியவள் நான். துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலத்திலும் ஓட்டினேன், பெரிய அரங்குகளில் டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் தெருவில் நின்ற காலத்திலும் ஓட்டினேன். ஜாஸ் இசையும் வேண்டாம் ஃபங்க் இசையும் வேண்டாம் என்று ஊரே உங்களைக் கை கழுவிவிட்ட காலத்திலும் நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் உன் பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நீ தூங்குவாய். வாயைத் திறக்காதவன் என்று உனக்குக் 'கல்லு' எனப் பெயர் வைத்ததே உன் அண்ணன்தான். சரி, அதை விடு.

குழுவின் செய்தி இதுதான். ஒத்திகை இன்னமும் அந்த டயர் கிடங்கு மாடியில்தான். ரப்பர் நாற்றம் குறையவில்லை. டிரம்பெட்காரர் மறுபடி மாறிவிட்டார். உங்கள் குழுவில் டிரம்பெட்டுக்கு வருகிறவர்கள் பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். கீபோர்டு வாசிக்கும் உங்கள் தலைவருக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. அதை மறைக்கத் தொப்பி போடுகிறார். தொப்பியை மறைக்கத்தான் வழியில்லை. நீ இருந்த இடத்தில் வேறொருவர் வாசிக்கிறார். கெட்டிக்காரர், பணிவானவர். உன் அண்ணன் டிரம்ஸை எப்படி அடித்தாலும் அதற்குள் புகுந்துகொள்கிறார். அந்தப் பணிவுதான் எங்களைக் கெடுத்தது.

உனக்கு அந்த ஒத்திகை நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது, நான் வேன் சாவியோடு வாசலருகே நின்றிருந்தேன். உங்கள் குழுவில் யாரும் யாரையும் வாயால் 'தப்பு' என்று சொல்வதில்லை. ஒருவர் தடம் மாறினால் மற்ற எல்லோரும் சட்டென்று வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள். மாறினவர் தன் சத்தத்தைத் தானே தனியாகக் கேட்டுத் திருந்த வேண்டும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது இது என்ன கொடுமை என்று நினைத்தேன். அன்றைக்கு நீ நிறுத்தினாய். மற்றவர்கள் நிறுத்தவில்லை. நீ மறுபடி சேர்ந்து, மறுபடி நிறுத்தினாய். அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நீ வாயைத் திறந்தாய். "அண்ணே, நீங்க லேட்டா வர்றீங்க" என்றாய். "லேட் இல்லடா, தாளத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன்" என்றார் உன் அண்ணன். தலைவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "அதுதாம்பா நல்லா இருக்கு, நீதான் அவசரப்படுற" என்றார். பிறகு நடந்ததை எழுத வேண்டாம். உன் அண்ணன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தைகள் வந்தன, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய்.

அதற்குப் பிறகு வந்த இசைத்தட்டு உன் ஊருக்கும் வந்திருக்கும். முப்பது வருஷத்தில் கிடைக்காத பேரும் புகழும் அந்த ஒன்றில் கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பிந்துகிற தாளத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எங்கெங்கிருந்தோ டிரம்ஸ் வாசிப்பவர்கள் வந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று கையைப் பார்த்தார்கள். வயதான காலத்தில் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு வாழ்வா என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனிமேல் எழுத வேண்டியதை எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தலைக்குள் பின்பக்கம் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. சிறுமூளையாம். கையும் காலும் எப்போது எழ வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று நேரம் பார்ப்பது அந்த இடம்தானாம். டாக்டரம்மா படத்தைக் காட்டி, "இது மெதுவா வளர்ற ஜாதி, பல வருஷமா இருந்திருக்கும்" என்றார். நான் உடனே உன்னை நினைத்தேன் தம்பி. அந்த அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன்.

உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் விழுங்குவதும் மூச்சும் போகும் என்கிறார். உன் அண்ணன் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒற்றைக் காலில் நிற்கவும் இப்போது அவரால் முடிவதில்லை என்பது வேறு விஷயம். "மூளை கெட்டவன் இப்படி வாசிப்பானா? ஊரே கேக்குது. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்கிறார். நான் ஏதாவது சொன்னால், "உனக்குத் தாளம் தெரியுமா?" என்று என் வாயை அடைக்கிறார். எனக்குத் தெரியாதுதான். தலைவரிடம் போய் அழுதேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துச் சுழற்றியபடி, "முப்பதாவது ஆண்டுக் கச்சேரி முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அவரை அந்த மாடியிலிருந்து தள்ளிவிடலாமா என்றிருந்தது.

நீ வா. நீ வந்து அவர் முகத்தைப் பார்த்து, இது தாளம் இல்லை, நோய் என்று சொல். உன் வாயிலிருந்து அளந்துதான் வார்த்தை வரும், வந்தது எதுவும் பொய்யாக இருந்ததில்லை. மற்றவர்கள் எத்தனை பேர் என்ன சொன்னாலும் அவர் நம்பக்கூடியது உன்னை மட்டும்தான். உன்னைத் துரத்தியதே அதனால்தான்.

உன் வருகையை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. படித்ததும் அடுப்பில் போடலாம் என்று நினைத்தேன். பிறகு மனம் கேட்காமல் மடித்து வைத்தேன்.

இப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அந்த இசைத்தட்டை வாங்கிக் கேட்டாயாம். முதலில் கோபத்தோடு கேட்டாயாம், பிறகு திரும்பத் திரும்பக் கேட்டாயாம். அவர்கள் சொன்னதுதான் சரி, நான்தான் காது கேளாதவனாக இருந்திருக்கிறேன், அண்ணன் அதற்கு முன் ஒருநாளும் இவ்வளவு அழகாக வாசித்ததில்லை என்கிறாய். அதனால்தான் கிட்டாரைத் தொடுவதையே விட்டுவிட்டேன் என்கிறாய். இதை எப்படி அவரிடம் போய் நோய் என்று சொல்வது, அது பாவமில்லையா என்று என்னையே கேட்கிறாய்.

நீயுமா தம்பி? ஊரெல்லாம் ஒரு பக்கம் நிற்கட்டும், எனக்கு ஒரே ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்பியிருந்தேன். அந்த ஒருவனும் மயங்கிவிட்டான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் தாளம் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரியும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. உன் அண்ணன் ஓட்டும்போது பிரேக்கில் கால் விழுவது தாமதமாவதை நான் அப்போதே பார்த்தேன். "யோசனை எங்க இருக்கு? ரோட்டப் பாருங்க" என்று திட்டினேன். வேண்டுமென்றே எனக்கு எரிச்சல் மூட்டுகிறார் என்று நினைத்தேன். அதே கால்தான் மேடையில் பேஸ் டிரம்மை மிதித்தது. ரோட்டில் அது பிந்தினால் ஆள் செத்துப்போவான், மேடையில் பிந்தினால் கைதட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. உனக்கு மட்டும் தோன்றியது. அதை விட்டுக்கொடுக்காதே.

இங்கே நிலைமை மோசம். போன வாரம் கிடங்குப் படியில் விழுந்து நெற்றியில் தையல். செருப்புமேல் பழி போட்டார். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன், குழந்தைக்குச் செய்வது போல இருக்கிறது என்று அவருக்குக் கோபம் வேறு. ஆனால் டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் எங்கே அடிக்கிறாரோ அதுதான் நேரம். கூட வாசிப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பவைக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். அந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவர் சொல்வது இந்த ஒரே விஷயம்தான்: இவ்வளவு நன்றாக வாசிக்கிறவனுக்கு நோய் இருக்காது. அந்த நினைப்பை உடைத்தால்தான் மருத்துவமனைக் கட்டிலில் போய்ப் படுப்பார். ஆகவே நீ பாதி பேசினால் போதாது. கட்டி இருக்கிறது, ஆனாலும் வாசிப்பு அழகு என்றால் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். அதில் அழகு ஒன்றும் இல்லை என்று சொல். முழுக்க நோய் என்று சொல். பொய்யாக இருந்தால் பொய்யாகவே சொல். பாவம் என்றால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். எனக்கு மனுஷன் வேண்டும் தம்பி. தாளம் வேண்டாம்.

மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிறுத்தினால் இந்தத் தடவை அவர்களும் நிறுத்துவார்கள்.

தாமதிக்காமல் புறப்படு. உன் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்.

அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்து போய் இவ்வளவு நாளாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. நன்றி கெட்டவள் என்று நினைத்திருப்பாய். எழுத உட்காரும்போதெல்லாம் அவர் கூப்பிடுவார், இல்லாவிட்டால் அவர் கூப்பிடவில்லையே என்று நானே எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அன்றைக்கு நீ சாப்பிடாமல் போனாய். அதைச் சொல்லிக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

கிடங்கு மாடியில் நீ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாய். அதனால் அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உன்னைக் கண்டதும் கிட்டாரை எடு என்று கண்ணைக் காட்டினாரே, நீ திரும்பி நின்று வாசிக்கத் தொடங்கியதும் அவருக்கு எவ்வளவு சந்தோஷம். பிறகு நீ நிறுத்தினாய். தலைவரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நான் முதல் நாளே அவரை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசியிருந்தேன், என்ன பேசினேன் என்று கேட்காதே. சாக்ஸபோன், டிரம்பெட், எல்லாம் நின்றுவிட்டது. உன் அண்ணன் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். வலது கை ஓரிடத்தில், இடது கை ஓரிடத்தில், கால் எங்கோ. சிரித்துக்கொண்டேதான் அடித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அப்புறமும் கை நிற்கவில்லை, சரிசெய்துவிடலாம் என்று பார்த்தார். முடியவில்லை.

"எப்பலேர்ந்துடா?" என்று உன்னிடம்தான் கேட்டார். "அப்பவேதாண்ணே" என்றாய். "அப்ப அந்தத் தட்டு?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதுல ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் வியாதிதான்" என்றாய். நான் கேட்டபடியே சொன்னாய், ஒரு சொல் கூடாமல் குறையாமல். அவர் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு, "வண்டிய எடு" என்று என்னிடம் சொன்னார். நேராக மருத்துவமனைக்குத்தான் போனோம்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனி ஆபத்தில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்த ஒரு வரியை உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். எழுதிவிட்டேன், சந்தோஷம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு குழறுகிறது, கவனித்துக் கேட்டால் புரியும். இடது கை நடுங்குகிறது. டிரம்ஸ் இனி இல்லை. பயிற்சி செய்தால் சாப்பிடவும் பொத்தான் போடவும் கை வரும் என்று ஒரு பெண் வந்து ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொல்கிறாள். அவள் இருக்கும்வரை அமுக்குகிறார், அவள் வாசலைத் தாண்டியதும் பந்து கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்புகிறார். எதற்காக இந்தக் கை என்று கேட்கிறார்.

முப்பதாவது ஆண்டுக் கச்சேரி நடந்தது. வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார். உன் அண்ணனின் அந்தப் பிந்துகிற தாளத்தை அச்சு அசலாகப் பழகியிருக்கிறார். திடமான கை, திடமான கால், ஒரு நோயும் இல்லாத உடம்பு. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள் என்று சாக்ஸபோன்காரரின் மனைவி வந்து சொன்னாள். உன் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. போன மாதம் டிரம்ஸ் வாசிப்பவர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்து வணங்கிவிட்டுப் போக வந்தார்கள். ஒருவர் மேசையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினார். "என் வியாதியையா கத்துக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார் இவர். அவர்களுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். புரிந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

வீட்டில் இருந்த எல்லா இசைத்தட்டுகளையும் கட்டிக் குப்பையில் போடச் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் போடு என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த பழையதையும் சேர்த்துத்தான் சொன்னார். "எதுல நான் இருந்தேன், எதுல அது இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் குப்பையில் போடவில்லை. காரில் வைத்திருக்கிறேன். கற்றுக்கொள்ள யாரும் வராத மத்தியானம், மைதானத்து ஓரமாக நிறுத்திவிட்டு, பேர் வாங்கிய அந்த இசைத்தட்டைக் காரின் சிடி பிளேயரில் போட்டுக் கேட்டேன். முப்பது வருஷம் வேன் ஓட்டியிருக்கிறேன், உங்கள் பாட்டை நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை, கேட்டாயா? எப்போதும் பெட்ரோல், வழி, வண்டி நிறுத்த இடம் என்றே போய்விட்டது. அன்றைக்குக் கேட்டேன். அவர் வரமாட்டார் வரமாட்டார் என்று இருக்கிறது, என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது, அப்போது வந்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறார். நோய் கையைப் பின்னால் இழுத்திருக்கிறது, அந்த மனுஷன் அதற்குள்ளேயே எழுந்து நின்று வாசித்திருக்கிறார். நான் ஸ்டியரிங்மேல் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன். நீ எனக்கு எழுதியது உண்மை. நான் உன்னைச் சொல்லவைத்தது பொய்.

இதை நானே அவரிடம் சொன்னேன். "உனக்குத் தாளம் தெரியுமா?" என்று கேட்டார். குழறலாகத்தான் கேட்டார், எனக்கு நன்றாகப் புரிந்தது. தலைவர் வந்து சொன்னார், உன் அண்ணன் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் மாற்றிச் சொல்லட்டும், கல்லு மாற்றிச் சொல்ல மாட்டான் என்கிறார். உன் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கத்திக்குக் கீழே போய்ப் படுத்தார். இப்போது அதே சொல்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறார்.

நீ வந்து, அண்ணே நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும் தம்பி. அதற்கப்புறம் உன்னை அவர் எதற்கும் நம்பமாட்டார், தெரிந்துதான் கேட்கிறேன். ஏமாற்றித்தானே என் கையைப் பறித்தீர்கள் என்பார். பறிக்காவிட்டால் உயிர் போயிருக்கும் என்பது அவர் காதில் ஏறாது. அண்ணி சொல்லித்தான் சொன்னேன் என்று சொல், மறைக்காதே. என்னோடு பேசாமல் இருக்கட்டும், என் கையால் தண்ணீர் வாங்க மறுக்கட்டும். யார் மேலாவது கோபம் இருந்தால் மனுஷன் எழுந்து உட்காருவார். இப்போது அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சீக்கிரம் வா. நீ சொல்லி முடித்ததும் அவர் உன்மேல் கையை ஓங்குவார். நடுங்கும் கைதானே என்று விலகிவிடாதே தம்பி. அந்த அடி வந்து சேரும்வரை நின்று வாங்கிக்கொள்.

உன்னை வாழ்த்தும்,
அண்ணி